இரண்டு பேருக்கும் ஒரே போன்

குத்தவைத்தே இருந்ததில் இசக்கிச்செல்விக்கு இடுப்பு விட்டுப்போனது. விடிந்ததிலிருந்து பல்லில் பச்சைத்தண்ணி படவில்லை. பெஞ்சில் கிடத்தியிருந்த அப்பா சோலைமுத்துவின் முகத்தில் ஈ உட்கார உட்கார விசிறிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, அப்பா போன் எங்க? குளத்தூர்க்காரவியளுக்குச் சொல்லணும்லா," என்று வந்து நின்றான் அண்ணன் சுடலைக்குமார்.

"அதுல சார்ஜ் இல்ல. ஒம் போன்ல சொல்லு."

பொய். போன் அவள் மடியில்தான் இருந்தது.

"செத்தவரு போனுக்கு என்னட்டி காவல்? அவரா கூப்பிடப் போறாரு?" என்றாள் பக்கத்து வீட்டுச் சுப்புத்தாய். யாரோ சிரித்து, கேத வீடென்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அது அப்பாவுக்கும் அவளுக்கும் பொதுப் போன். எழுத்துத் தெரியாத அப்பா அதிலிருக்கும் ஏஐயிடம் வாயால் மழை கேட்பார், பருத்தி விலை கேட்பார். "ஏலே, போன மட்டம் சொன்னத இன்னும் மறக்காம வச்சிருக்கியே!" என்று மெச்சிக்கொள்வார்.

கழுத்துக் கட்டி புற்றுதான் என்று டாக்டர் சொன்னதும், அப்பா காதுக்கு எட்டக்கூடாதென்று அண்ணனும் தங்கையும் எல்லார் வாயையும் அடைத்தார்கள். சொல்லி அழ ஆளில்லாமல் இவள் போனில் எழுதினாள்: அப்பாவுக்குப் புற்று, முற்றிவிட்டது, அவரிடம் சொல்லவில்லை, சாப்பிட என்ன கொடுக்கலாம்? அது கஞ்சிப் பக்குவம் சொன்னது. அவள் சொன்னதைக் குறித்தும் வைத்துக்கொண்டது. பேசுவது யாரென்று அதற்குத் தெரியாது. அடுத்து எவர் கேட்டாலும் குறித்ததை வைத்துத்தான் பதில் சொல்லும்.

இது அவளுக்கு இன்றைக்குத்தான் உறைத்தது. போன வாரம் அப்பா மாத்திரையைத் தள்ளிவிட்டாரே. "எதுக்குட்டி வீணா?" என்றாரே.

அப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணி எடுத்துவர, நீர்மாலைக்குக் கொட்டு கிளம்பியது. கூட்டம் கிணற்றுப் பக்கம் போனதும் ஆட்டுக்கொட்டகைக்குள் நுழைந்தாள். போனை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

"அப்பா நோயப் பத்தி ஒங்கிட்ட ஆரும் கேட்டாவளா?"

"கேட்டீர்கள். கழுத்துக் கட்டி ஏன் வலிக்கிறது என்று போன வாரம் குரலில் கேட்டீர்கள். முன்பு நீங்கள் சொல்லியிருந்தபடி, அப்பாவின் புற்றுநோய் முற்றியிருப்பதால் வலி கூடலாம் என்றேன்."

கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"பெறகு?"

"ஒன்றை நினைவில் வைக்கச் சொன்னீர்கள். மகள் கேட்டால் சொல்லச் சொன்னீர்கள்."

வெளியே சங்கு ஊதினார்கள்.

"என்னது?"

"'மாயகிருஷ்ணன் நம்ம காட்டுல ஒருநா களை வெட்டுனான். பதிலுக்கு அவன் காட்டுக்கு நான் போகல. அவனுக்கு ஒருநா வேல பாக்கி.'"