முன்சீப் எழுதிய சான்று

அன்று காலை கண்ணுசாமியின் மருந்துக்கடையில் இருந்தவர்கள் மூன்றே பேர். கல்லாவில் கண்ணுசாமி. எதிரே, தாடிக்கொம்புப் பக்கத்துக் கிராம முன்சீப் பெருமாள்சாமி. தைலம் வாங்க வந்திருந்த அதே ஊர்க் கருப்பம்மாள். நாலாவது ஆள் இல்லை. பின்னால் தாமும் அங்கே நின்றதாகச் சொல்லிக்கொண்டவர்கள் ஏராளம்.

"ஒரு மாத்திரைகூடவா இல்லை?"

பெருமாள்சாமி உட்காரவில்லை. மகள் சண்முகவள்ளிக்கு டைபாய்டு. பதினான்கு நாள் விடாமல் கொடுக்க வேண்டிய மாத்திரை; ஆனது ஐந்து நாள். நடுவில் நிறுத்தினால் காய்ச்சல் திரும்பும், திரும்பினால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் மிச்சம் இரண்டு.

"மதுரையிலயும் கேட்டுட்டேன் முன்சீப் ஐயா," என்றான் கண்ணுசாமி. "வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கும் டெல்லிக்கும் மல்லுக்கட்டு. நம்ம நாட்டுலதான் மருந்து விலை ஜாஸ்தின்னு அமெரிக்காக்காரனே அவன் நாட்டுச் சபையில பேசிட்டானாம். இனிமே ஏத்தப்படாதுன்னு சர்க்கார் உத்தரவு. கட்டுப்படி ஆகலைன்னு கம்பெனிக்காரன் சரக்கை இறுக்கிப் பிடிக்கிறானாம். ஏஜெண்டு சொல்றாரு."

"ரெட்டை விலை தாரேன்யா."

"இல்லாததை எங்கிட்டுப் போயி எடுக்க?"

கருப்பம்மாள் தைலப் புட்டியை முந்தானையில் முடிந்தாள். "சர்க்கார் ஆசுபத்திரியில இருக்குய்யா. எம் மகனை அங்கனதான் சேர்த்தேன். நீங்க எழுதுன ஏழைச் சீட்டைக் காட்டுனேன், குடுத்தாக. என்ன, அந்தச் சீட்டுக்கு உங்க வாசலுக்கு மூணு நாளு நடந்தேன். உங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. பேனா உங்க கையில."

கண்ணுசாமி தராசைத் துடைக்க ஆரம்பித்தான்.

வீட்டுக்கு வந்த பெருமாள்சாமி மேஜை முன் உட்கார்ந்தார், எழுந்தார், உள்ளே போய் மகளின் நெற்றியைத் தொட்டார், மறுபடி உட்கார்ந்தார். இருபது வருஷமாக எத்தனையோ பேருக்கு 'இவர் ஏழை' என்று எழுதி முத்திரை குத்திய கை அது. அரசு ஆஸ்பத்திரி மருந்துக்கு அந்தச் சீட்டு இல்லாமல் முடியாது என்றே அவர் நினைத்திருந்தார். எட்டு ஏக்கர் நஞ்சையும் இரண்டு கிணறும் வைத்துக்கொண்டு ஏழை என்று எழுதினால், எழுதிய மற்றச் சீட்டெல்லாம் என்ன ஆவது? எழுதாவிட்டால் மகள்? இரண்டு தாளைக் கிழித்தார். மூன்றாவதில் நாலு வரி எழுதி முத்திரை குத்தினார். உடனே கூண்டு வண்டி பூட்டச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் வரிசை வேப்பமரம் வரை நின்றது. வண்டிக்குள் சண்முகவள்ளி முனகிக்கொண்டிருந்தாள். பெருமாள்சாமி நேரே நர்ஸ் ரோசலினிடம் போய்த் தாளை நீட்டினார். அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"மேற்படி சண்முகவள்ளியின் தகப்பனார் ஏழை அல்ல. நிலபுலம் உள்ளவர். பணம் இருந்தும் கடையில் மருந்து கிடைக்காதவர். இது உண்மை."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெருமாள்சாமியின் கழுத்து சிவந்தது, தலை குனியவில்லை.

"இது எதுக்குங்க ஐயா?" என்றாள் ரோசலின். "ஏழைச் சீட்டு, வார்டுல காசில்லாம படுக்கிறவங்களுக்குத்தான். மாத்திரை எல்லாருக்கும் உண்டு. டாக்டர் பார்த்து எழுதணும், அம்புட்டுதான். வரிசையில நில்லுங்க. புள்ளைய மட்டும் இப்பவே உள்ள கொண்டாங்க."

மகளை உள்ளே படுக்க வைத்து, டாக்டர் பார்த்து எழுதிய தாளோடு வந்து வரிசையின் கடைசியில் நின்றார். முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் அவரிடம் சீட்டு வாங்கியவர்கள். ஒருவர் விலகி, "முன்னாடி வாங்கய்யா," என்றார். "வேண்டாம்," என்றார் பெருமாள்சாமி. வெயில் ஏறியது. வரிசை நகர்வதாகவே இல்லை. துண்டைத் தோளிலிருந்து எடுப்பதும் போடுவதுமாக இருந்தார். ஜன்னலை எட்டியபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. ஒன்பது நாளைக்கான மாத்திரை, காகிதப் பொட்டலத்தில்.

சண்முகவள்ளி பிழைத்தாள். அடுத்த தையில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று.

முன்சீப் பெருமாள்சாமி தன்னையே ஏழை என்று எழுதிக்கொண்டு சர்க்கார் மருந்து வாங்கினார் என்று சாணார்பட்டி வரைக்கும் பேச்சு இருக்கிறது. அது தவறு. அவர் எழுதியது 'ஏழை அல்ல' என்று.