அத்தை கொடுத்த சிறுநீரகம்

மாப்பிள்ளையை அத்தைக்குக் கல்யாணத்தன்றே பிடிக்கவில்லை. ஆனாலும் ஆறு வருடம் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவனுக்குச் சிறுநீரகம் கொடுத்தது அவள்தான். "என் மகளுக்காகத்தான், இவருக்காக இல்ல" என்று ஆபரேஷனுக்குப் போகும்போதே சொன்னாள். மூன்று வருடமாக அதையே சொல்லிக்காட்டுகிறாள்.

அன்று அவன் தன் சலூனில் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். அத்தை ரத்தப் பரிசோதனைக் காகிதத்தோடு உள்ளே நுழைந்தாள்.

"ரத்தத்துல கழிவு ஏறிக் கிடக்கு, கிரியேட்டினின் ஒண்ணு புள்ளி ஒன்பது! போன தடவை ஒண்ணு புள்ளி ரெண்டு. என் கிட்னியை என்ன பண்ணீங்க மாப்பிள்ளை?"

முகத்தில் நுரையோடு இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கடையில வச்சு என் மானத்தை வாங்காதீங்க அத்தை."

"மாத்திரையை ஒழுங்கா முழுங்கியிருந்தா நான் ஏன் வரேன்?"

புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்கக் கொடுத்த அந்த மாத்திரையை ஒரு வேளைகூட அவன் தவறவிட்டதில்லை. அவன் மறைத்தது வேறு. ஆறு மாதமாக இடுப்பெலும்பும் முழங்காலும் குடைந்தன, குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை, மலச்சிக்கல் வேறு. டாக்டரிடம் வாய் திறக்கத்தான் முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் பக்கத்து நாற்காலியில் அத்தை உட்கார்ந்திருப்பாளே!

அடுத்த வாரம் டாக்டரம்மா புதிய அறிக்கைகளைப் புரட்டினார். "மாத்திரை அளவு ரத்தத்துல சரியா இருக்கு. கால்சியம்தான் எக்கச்சக்கம். கழுத்துல, தைராய்டுக்குப் பின்னாடி, கால்சியத்தைக் கட்டுப்படுத்தற நாலு சின்னச் சுரப்பி இருக்கு. டயாலிசிஸ் காலத்துல கால்சியம் பத்தாம அதுங்க வீங்கிப்போச்சு. புது கிட்னி வந்தும் அடங்கல. எலும்புல இருக்கற கால்சியத்தை உருவி ரத்தத்துல கொட்டுது. அது கிட்னியைக் கெடுக்குது. ஆபரேஷன் பண்ணணும். ஏங்க, வலிச்சப்பவே சொல்லியிருக்கலாமே?"

அவன் அத்தையைத் திரும்பிப் பார்த்தான். "இவங்க வாய்க்குப் பயந்துதான் மேடம்."

"கேட்டியாடி, பழியைத் தூக்கி என் தலையில போடறாரு!" அத்தை வாசலில் நின்ற மகளிடம் கத்தினாள்.

"நீ சும்மா இரும்மா!" என்று மனைவி முதல் தடவையாகச் சீறினாள்.

மூன்று சுரப்பிகளை முழுதாகவும் நான்காவதில் பாதியையும் எடுத்தார்கள். மறுநாளே கால்சியம் மளமளவென இறங்கி விரல்களும் உதடும் மரத்துப்போயின. ஊசியில் கால்சியம் ஏற்றிச் சரிசெய்தார்கள். ஒரு மாதத்தில் எலும்பு வலி விட்டது. கிரியேட்டினின் ஒன்றரையில் நின்றது. பழையபடி இறங்காது என்று டாக்டரம்மா கைவிரித்துவிட்டார்.

அடுத்த பரிசோதனைக்கு அவன் தனியாகத்தான் போனான். அத்தை வேறு பஸ் பிடித்து அவனுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். அவன் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தாள்.

"இவங்களை உள்ள விடாதீங்க" என்றான் நர்ஸிடம்.

"என் கிட்னி உள்ள போகுது, நான் வெளியிலயா?"

கதவு சாத்தப்பட்டது. உள்ளே அவன் இருபது நிமிடம் பேசினான். காலில் வரும் சின்னப் பிடிப்பைக்கூடச் சொல்லாமல் விடவில்லை. வெளியே வந்ததும் அத்தை வழிமறித்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"உங்ககிட்ட சொல்றதுக்கு ஒண்ணுமில்ல அத்தை" என்று சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு படியிறங்கினான்.