வெள்ளிக்கிழமை சவுரிமுத்து

என் வீட்டுக்காரர் சவுரிமுத்து ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு லுங்கியைக் கட்டிக்கொண்டு, ஒயர் கூடையோடு முருங்கைக்காய் வாங்கப் போனார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான். அதற்கு எங்கள் சிட்லபாக்கம் தெரு அவரைச் சஸ்பெண்டே செய்துவிட்டது.

அவர் போலீஸில் ஏட்டு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஞாயிறும் கிடையாது, பண்டிகையும் கிடையாது. கிறிஸ்துமஸ் பூசைக்கு நான் பிள்ளைகளோடு மாதா கோவிலுக்குள்ளே இருப்பேன். அவர் வேறு ஏதோ ஊர் கோவில் வாசலில் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்தால் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் படுத்துவிடுவார். எழுப்பினால், "யார்ரா அவன்?" என்பார். ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்கப் போனவர்களுக்கும் இதே மரியாதைதான் கிடைத்தது என்று கேள்வி. நின்றுகொண்டே தூங்குகிற மனுஷனிடம் யார் என்ன சொல்லி என்ன ஆகப்போகிறது?

எண்பத்தெட்டோ எண்பத்தொன்பதோ, சம்பத் என்று புது இன்ஸ்பெக்டர் மாற்றலாகி வந்தார். வந்த கையோடு எல்லோரையும் கூப்பிட்டு, "ஆளுக்கு வாரத்துல ஒரு நாள் ஆஃப். மேல இருந்து வந்த ஆர்டர் இல்ல, என் பொறுப்புல தர்றேன். மூணு மாசம் பார்ப்பேன். வேலை சுணங்கிச்சுன்னா பழையபடிதான்" என்றாராம். இவருக்கு வியாழக்கிழமை விழுந்தது.

முதல் வியாழக்கிழமை தூங்கியே தீர்த்தார். அடுத்த வாரம் சாப்பிடும்போது, "குழம்பு நல்லா கீது, பேபி" என்றார். கல்யாணமானதிலிருந்து அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தவள் நான். மோர் எடுக்கப் போகிற சாக்கில் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சின்னவளைக் கூப்பிட்டு, "நீ எத்தினாவது படிக்கிறே?" என்று விசாரித்தார். அவள் பயந்துபோய் வாய்ப்பாடு ஒப்பித்தாள். மறுநாள் சைக்கிளில் ஏறும்போது சீட்டி அடித்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகுதான் அந்த முருங்கைக்காய்.

போலீஸ்காரன் பகலில் லுங்கியோடு நடமாடினால் தெரு சும்மா இருக்குமா? முதலில் வந்தது வீட்டுச் சொந்தக்காரர் தோத்தாத்ரி. ரயில்வேயில் ரிடையர் ஆனவர், மாடியில் இருப்பவர். "என்னம்மா பேபி, உங்காத்துக்காரருக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்காரு சார். இன்னிக்கு ஆஃப்."

"ஆஃபா? போலீஸுக்கா?" என்று சிரித்தார். "பேங்க்ல உண்டு, எங்க ரயில்வேல உண்டு. போலீஸுக்கு ஏதும்மா ஆஃப்?"

மறுவாரம் அவர் மனைவி சாவித்ரி மாமி ஒரு கிண்ணம் கத்தரிக்காய் ரசவாங்கியோடு இறங்கி வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "பயப்படாதே. எங்க சித்தப்பாகூட சஸ்பென்ஷன்ல இருந்தவர்தான். பாதிச் சம்பளம் வரும். கடைசில ஒண்ணும் நிரூபிக்க முடியலே" என்றார். எனக்கு வந்த கோபத்தில் கிண்ணத்தை அப்படியே திருப்பிக் கொடுத்திருப்பேன். ரசவாங்கி வாசனை தடுத்துவிட்டது.

காய்க்காரி கன்னியம்மாவுக்கு இந்தச் சித்தப்பா சமாச்சாரமெல்லாம் கிடையாது. நடுத்தெருவில் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராகவே கேட்டாள்: "இன்னாக்கா, அண்ணன் துட்டு வாங்கி மாட்டிக்கினாராமே?"

இல்லை என்று சொல்லச் சொல்ல, ஆமாம் என்று கேட்கிற ஊர் இது. கை நீட்டாத மனுஷனைப் பற்றி இப்படிப் பேசினால் எனக்கு எப்படி இருக்கும்? அடுத்த வியாழக்கிழமை விடிந்ததும் யூனிஃபார்மை எடுத்து அவர் முன்னால் போட்டேன். "இத மாட்டிக்கினு எங்கனா போய்ட்டு பொழுது சாஞ்சு வா. என்னால தெருவுல தலை காட்ட முடியல."

"இன்னாடி இது பேஜாரு?" என்றார். ஆனாலும் போனார். எனக்காகத்தான் போனார்.

திருநீர்மலைக்குப் போய், மலைக்கோவில் அடிவாரத்தில் ஒரு மரத்து நிழலில் உட்கார்ந்தாராம். காக்கிச்சட்டை மரத்தடியில் உட்கார்ந்தால் ஜனங்கள் விடுவார்களா? செருப்பைக் காணோம் என்று ஒருத்தர், வேனை வழியில் நிறுத்திவிட்டான் என்று ஒருத்தர், வரிசையில் இடித்துத் தள்ளுகிறார்கள் என்று நாலு பேர். சம்பளம் இல்லாத ஒரு டூட்டியை முழுசாகப் பார்த்துவிட்டு, கால் வீங்கி வீடு வந்து சேர்ந்தார். அடுத்த வியாழனும் அதே கதை. சீட்டி நின்றது. குழம்பு எப்படி இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான் என்றாகிவிட்டது. தெரு மட்டும் திருப்தியாக, "வேலை திரும்பக் கிடைச்சுடுத்து போலிருக்கு" என்றது.

அந்தச் சனிக்கிழமை தோத்தாத்ரி சார் முகம் சிவக்கக் கீழே இறங்கி வந்தார்.

"நேத்து ஸ்டேஷனுக்குப் போனேம்மா. என் சைக்கிளைக் காணோம்னு சொல்லப் போனேன். உங்காத்துக்காரர் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கலே. 'பூட்டாம வுட்டுட்டு இங்க வந்து அழுதா? போய்யா, நாளைக்கு வா'ங்கறார். என்னைப் போய்! நடுவுல கொஞ்ச நாள் எவ்வளவு தன்மையா இருந்தார்!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம் முந்திக்கொண்டது.

"தன்மையா இருந்தது எப்போ சார்? வியாழக்கிழமை வூட்ல தூங்கினப்போ. தூங்க வுட்டீங்களா? ஆஃப்னு சொன்னா சிரிச்சீங்க. மாமி ரசவாங்கி கொண்டாந்து துக்கம் விசாரிச்சாங்க. உங்க வாய்க்குப் பயந்துதான் நான் அவர யூனிஃபார்மப் போட்டு வெளிய அனுப்புறேன். இப்படியே போனா வேலை நடக்கலைன்னு இன்ஸ்பெக்டரும் அந்த ஒரு நாளைப் பிடுங்கிடுவாரு."

"அப்போ நிஜமாவே ஆஃபா?" என்றார்.

"நிஜமாவே ஆஃப். வர்ற வெள்ளிக்கிழமை போய்ப் பாருங்க."

வியாழக்கிழமை யூனிஃபார்மை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். "தெரு இன்னா சொல்லும்?" என்று இழுத்தார். "தெரு கெடக்குது, நீ படு" என்றேன். படுத்தவர் சாயங்காலம்தான் எழுந்தார். நாலு தோசை சாப்பிட்டார். பிள்ளைகளை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார், லுங்கியோடு.

வெள்ளிக்கிழமை தோத்தாத்ரி சார் ஸ்டேஷனுக்குப் போனபோது இவர் எழுந்து நாற்காலி போட்டாராம். டீ வாங்கி வரச் சொன்னாராம். முதலிலிருந்து கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "அன்னிக்கு நல்ல மழையாச்சே சார், குரோம்பேட்டையிலேர்ந்து சைக்கிள்லயா திரும்புனீங்க?"

தோத்தாத்ரி சார் அப்படியே எழுந்து குரோம்பேட்டைக்கு ஓடினார். டீ மட்டும் ஆறியது.

அங்கே சைக்கிளில் கரண்ட் பில் கட்டப் போனவர், மழைக்குப் பயந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். சைக்கிள் அந்த ஆபீஸ் சுவரில் சாய்ந்தபடி, மணிகூடத் திருடு போகாமல் நின்றுகொண்டிருந்தது. இதை எனக்குச் சொன்னவர் என் வீட்டுக்காரர். வேறு யாருக்கும் அவர் சொல்லவில்லை. தோத்தாத்ரி சாரும், "சவுரிமுத்து கண்டுபிடிச்சுக் கொடுத்தார், என்ன மூளை!" என்பதோடு நிறுத்திக்கொண்டார். எப்படிக் காணாமல் போனது என்று யாராவது கேட்டால் அவசரமாக மாடி ஏறிவிடுவார்.

ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் தெருத் தெருவாகச் சொன்னார். "போறதா இருந்தா வெள்ளிக்கிழமை போங்கோ. முந்தின நாள் தூங்கிட்டு வருவார்."

ராகுகாலம் பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு இது ஒன்றும் கஷ்டமாக இல்லை. சானடோரியம் பக்கத்திலிருந்தும் செம்பாக்கத்திலிருந்தும் புகாரை மடியில் கட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தார்கள். மூன்று மாதம் முடிகிற நேரத்தில் இன்ஸ்பெக்டர் சம்பத் இவரைக் கூப்பிட்டார்.

"இன்னாய்யா இது, வெள்ளிக்கிழமையானா சந்தைக்கடை மாதிரி கூட்டம்? எல்லாரும் உன்னைத்தான் கேக்குறாங்க?"

ஆஃபுக்கு வேட்டு வந்துவிட்டது என்று இவருக்கு வேர்த்துவிட்டதாம். வளையல் காணோம் என்று சொல்ல வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த சாவித்ரி மாமிதான் பதில் சொல்லியிருக்கிறார்: "நேத்திக்கு அவருக்கு ஆஃப் சார். அதான் இன்னிக்கு வந்தோம்."

இன்ஸ்பெக்டர் அந்தப் பெஞ்சில் இருந்தவர்களை எண்ணிப் பார்த்தாராம். பிறகு, "மூணு மாசம்னு சொன்னேன் இல்ல? நான் இங்க இருக்குற வரைக்கும்னு வெச்சுக்கோ" என்றாராம். அன்று வீட்டுக்கு வந்தவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, என் எதிரில் உட்கார்ந்து, இதையெல்லாம் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அவர் என்ன சொன்னார் என்பதைவிட, உட்கார்ந்து சொன்னார் என்பதில்தான் எனக்கு அத்தனை சந்தோஷம்.

அடுத்த வியாழக்கிழமை யாரோ ஒரு வெளியூர்க்காரர் புகாரோடு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். நான் கையில் ஈரமாவோடு எழுந்து வருவதற்குள் வெளியே கன்னியம்மாவின் குரல் கேட்டது.

"இன்னாயா, கதவத் தட்டிகினு? அண்ணன் தூங்குறாரு. இன்னிக்கு அவருக்கு ஆஃபு. நாளிக்கு ஸ்டேஷனாண்ட போ, நல்லா கேப்பாரு."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கூடையை எங்கள் வாசற்படியில் குறுக்கே வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். நான் திரும்பிப் போய் மீதி மாவை ஆட்டினேன், சத்தம் வராமல்.