கும்மிக் கொட்டகைக்கு ஓடு வந்த கதை

கிளியூர் கும்மிக் கொட்டகை எண்பத்தோராம் வருஷ ஐப்பசி மழையில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பன்னிரண்டு பெண்கள் பொழுது சாய அங்கேதான் ஆடிப் பழகுவார்கள். பாட்டெடுத்துக் கொடுப்பவள் மருதாயி. வேலைக்காட்டில் அவள் பேச்சை யாரும் சட்டை செய்வதில்லை. கொட்டகைக்குள் வந்துவிட்டால் அவள் அடியெடுக்காமல் ஒருத்தி காலும் நகராது. அந்த இடம் போனால் அவளுக்கு வேறு இடமில்லை.

கொட்டகையை எடுத்துக் கட்ட ஊர் ஒரு பங்கு பணம் போட்டால் சர்க்கார் இரண்டு பங்கு தரும் என்றார்கள். கூலிக்காரர்கள் எதைப் போடுவது? மருதாயிதான் வழி சொன்னாள். பறிப்புக் காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமையும் இடுப்பில் கூடை கட்டிப் பழம் பறித்தார்கள். அந்தக் கூலியை ஒருத்தியும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, கொட்டகைப் பங்குக்கே போட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட ஞாயிறுகூட மாதம்மாள் வந்து பறித்தாள், பாவம்.

மாசியில், சம்பள மேஜையில் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் அருள்சாமி ஒரு தாளை நீட்டினார்.

"எஸ்டேட்டுத் தொரை அவரு பங்குக்கு மேடை, ரெண்டு ரூம்பு, ஓடு எல்லாம் போட்டுத் தர்றாராம். அதுக்குச் சம்மதம்னு எழுதியிருக்குது. யாரையாச்சும் படிக்கச் சொல்லிக் கேட்டுப்போட்டுக் கையெழுத்துப் போடு, மருதாயி."

முதியோர் கல்வி வகுப்பில் மருதாயி கற்றது தன் பெயரை எழுத மட்டும். ஆனால் பின்னால் பதினொரு பேர் பெருவிரலில் மை தடவக் காத்து நிற்கிறார்கள். இன்னொருவரைப் படிக்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வரி வரியாக விரலை ஓட்டினாள்.

"நல்லாத்தானுங்க எழுதியிருக்குது" என்று சொல்லிப் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டாள். மற்றவர்கள் ஒரு வார்த்தை கேட்காமல் கைநாட்டு வைத்தார்கள்.

சித்திரையில் கட்டடம் முடிந்தது. அப்படி ஒரு அழகு! பெண்கள் தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு போனால் கதவில் பூட்டு.

"ஏனுங்க ரைட்டரே, சாவி?"

"சாவி தொரை பங்களாவுல. முப்பது வருசத்துக்கு எஸ்டேட்டு பொறுப்புன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? ஆடோணும்னா ஒரு நாளைக்கு அம்பது ரூவா வாடகை."

மருதாயி பூட்டை இழுத்துப் பார்த்தாள்.

மாதம்மாள் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "ஏன்க்கா, வெரல அந்த ஓட்டு ஓட்டுனியே, என்னத்தப் படிச்ச?"

"எனக்குப் பேரு மட்டுந்தான் தெரியும், கண்ணு."

"அத அன்னைக்கே சொல்றதுக்கென்ன? டீக்கடை முனியப்பண்ணன் படிச்சுச் சொல்லியிருக்குமே. எம்புள்ளையக் காய்ச்சலோட போட்டுட்டு வந்தனேக்கா."



திறப்பு விழாவுக்குச் சேலத்திலிருந்து கார் காராக விருந்தாளிகள் வந்தார்கள். ஊர்க் கும்மி வேண்டுமென்றாராம் துரை. ஆளுக்கு அரைநாள் கூலி. பதினொரு பேரும் போனார்கள். அவர்கள்மேல் கோபப்படாதீர்கள், கண்ணுகளா. எத்தனையோ மாதமாக ஆடாமல் கால் மரத்துக் கிடந்தவர்கள். மருதாயியை மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

அவள் சன்னலுக்கு வெளியே, சில்வர் ஓக் மரத்தடியில் நின்றாள். உள்ளே மாதம்மாள் பாட்டெடுத்தாள். மூன்றாவது அடியை விழுங்கிவிட்டு நாலாவதுக்குத் தாவினாள். இரண்டு பேருக்குக் கால் தடுமாறியது. மருதாயி வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள்.

விருந்தாளிகள் கை தட்டினார்கள்.