சொன்னவருக்கு நன்றி

சைரன் என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தவன் அண்ணன். அதில் குறை சொல்ல முடியாது. அவள் ரகசியம் பேசினால் அடுத்த தெருவில் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தக் குரலோடு அவள் தையல் சொல்லித்தரும் வீடியோ போட ஆரம்பித்தாள். தையலைக் கற்றுக்கொண்டவர்களைவிடக் குரலைத் திட்டியவர்களே அதிகம். தகர டப்பா என்றார்கள், காது கிழிகிறது என்றார்கள். ஒரு வாரம் அழுதாள். எட்டாம் நாள், அழுகிற நேரத்துக்கு நாலு பையாவது தைக்கலாம் என்று எழுந்து உட்கார்ந்தாள். வந்த வசவுகளில் நல்லதாகப் பொறுக்கித் துணிப்பைகளில் அச்சிட்டாள். ஒவ்வொன்றின் கீழும் சின்ன எழுத்தில், 'சொன்னவருக்கு நன்றி.' பைகள் பிய்த்துக்கொண்டு போயின.

ஆனால் அவளுக்கென்று ஒரு சட்டம் உண்டு. திட்டியவரின் சம்மதம் இல்லாமல் ஒரு வரிகூட அச்சேறாது. பெயர் வராது, சம்மதித்தால் ஒரு பை இலவசம், முகவரி அனுப்புங்கள் என்று எல்லோருக்கும் எழுதிக் கேட்பாள். பாதிப் பேர் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டார்கள். மீதிப் பேர் முகவரி அனுப்பினார்கள். ஓசி என்றதும் கோபம் எங்கே நிற்கும்?

போன மாதம், முகத்துக்குப் பதில் பூப்படம் வைத்திருந்த யாரோ ஒருவர் எழுதியிருந்தார்: 'குளியலறைக் கதவுக்கு எண்ணெய் போட்டாச்சு. இவளுக்கு எப்போ?'

அவள் கால் மிஷினிலேயே நின்றுவிட்டது. சின்ன வயதில் வீட்டுக் குளியலறைக் கதவு கிறீச்சிடும்போதெல்லாம் அண்ணன் பல் தேய்த்துக்கொண்டே சொன்ன வாக்கியம் அது. ஒரு வார்த்தை மாறவில்லை.

அவன் வீட்டைவிட்டுப் போய் ஒன்பது வருடம். அவனுக்குக் கல்யாணம் பேசி முடிக்கிற நாளில் அவன் வேலை போயிருந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பெண் வீட்டாரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று கெஞ்சியிருந்தான். மனசு கேட்காமல் அவள் சமையலறையில் சித்தியின் காதில் கிசுகிசுத்தாள். அந்தக் கிசுகிசுப்பு பெண் வீட்டார் உட்கார்ந்திருந்த கூடம் முழுக்கக் கேட்டது. கல்யாணம் நின்றது. அவன் பெட்டியோடு போனவன்தான், எந்த ஊர் என்றுகூட யாருக்கும் தெரியாது. அவன் வாயால் ஒரு திட்டாவது கேட்க மாட்டோமா என்று அன்றிலிருந்து அவள் ஏங்காத நாள் இல்லை.

இந்த நேரம் பார்த்து ஒரு பெரிய கடைக்காரர் வீடியோவின் கீழே அதைப் படித்துவிட்டு, அதே எண்ணெய் வாசகத்தில் முந்நூறு பை கேட்டார். முகம் தெரியாத ஆள்தானே, அச்சடித்துவிடு என்றார் கணவர்.

"கேக்காம ஒருத்தர் பேச்சை வெளிய விட்டது ஒரு தடவை போதுங்க," என்றாள்.

பூப்படத்துக்கும் எல்லோருக்கும் போலவே எழுதினாள். 'அண்ணா' என்று போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டு மறுபடி அழித்தாள். கூப்பிட்டால் ஓடிவிடுவான் என்று பயம். 'முகவரி அனுப்புங்கள்' என்பதை மட்டும் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினாள். பார்த்துவிட்டதற்கான குறி உடனே வந்தது, பதில் வரவில்லை.

அதற்குள் அவனுக்கான பையைத் தைத்துவிட்டாள். அவனுக்குப் பிடித்த கருநீலம். எதையும் அளவுக்கு மீறித் திணிப்பவன் என்று கைப்பிடிக்கு மூன்று தையல் போட்டாள். முகவரித் தாளையும் ஒட்டி வைத்தாள், எழுத வேண்டியதுதான் பாக்கி. கடைக்காரர் வெள்ளிக்கிழமைவரை கெடு கொடுத்தார்.

வியாழக்கிழமை பதில் வந்தது. 'அச்சிடலாம். பை வேண்டாம்.'

மூன்றே வார்த்தைதான். அதில் எங்காவது முகவரி ஒளிந்திருக்குமா என்று அவள் மாலைவரை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் கணவரிடம் அது யார் என்று சொன்னாள்.

முந்நூறு பையும் போயின. கடைக்காரர் இன்னும் கேட்டார். இனி ஒரு வருடத்துக்குக் கவலையில்லை என்று வீடே சந்தோஷப்பட்டது. கருநீலப் பை மட்டும் வெற்றுத் தாளோடு ஆணியில் தொங்கியது.

அடுத்த வீடியோவில் அவள் பாக்கெட் தைக்கச் சொல்லிக்கொடுத்தாள். காதைத் தேய்த்தபடி கணவர் வந்து நின்றார்.

"மைக்தான் இருக்கே, ஏன் இந்தக் கத்துக் கத்துற?"

"இன்னும் எண்ணெய் போடலன்னு அவனுக்குத் தெரியணும்ல," என்றாள்.