ஒன்பதாவது நிமிடம்

இயந்திரத்தின் ஊசி புட்டிக்குள் இறங்கியதும் திரையில் நிமிடக் கணக்கு ஓடத் தொடங்கியது. பன்னிரண்டு நிமிடம் ஓடும் இயந்திரம் இது. ஒன்பதாவது நிமிடத்தில் திரையில் கோடு எழும்பினால் கரைசலில் நான் கண்டுபிடித்த மூலக்கூறு இருக்கிறது, எழும்பாவிட்டால் இல்லை. பதினான்கு வருடமாக அது எழும்ப வேண்டுமே என்று இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இன்றுதான் முதல்முறையாக, எழும்பிவிடக் கூடாதே என்று.

எல்லாம் போன மாதம் வந்த ஒரு மின்னஞ்சலால். நான் அனுப்பிய மண் பாக்டீரியாவை வேறொரு ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவையில், வாய்க்குப் பஞ்சடைத்து வளர்த்திருக்கிறார்கள். நன்றாகவே வளர்ந்ததாம். மற்ற கிருமிகளைக் கொல்லும் அந்த மூலக்கூறை மட்டும் ஒரு துளிகூடச் சுரக்கவில்லையாம். ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தார்கள், அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. வளர்க்கத் தெரியாதவர்கள் என்று வீட்டில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். "உன் மூத்த பிள்ளைய யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதே" என்று கணவர் சிரித்தார். என் பாக்டீரியாவுக்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர். அப்புறம் ஒருநாள் மகளின் தண்ணீர் பாட்டிலைக் கழுவும்போது சுருக்கென்றது. நாங்கள் வளர்ப்பது நீல பிளாஸ்டிக் மூடி போட்ட புட்டிகளில். கிருமி போடாத வெறும் கரைசலையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறோம்தான், ஆனால் அதைக் கண்ணாடியில் வைத்தோம். வெறும் கரைசலுக்கு எதற்கு விலை அதிகமான புட்டி என்று அன்றைக்குச் சொன்னவளே நான்தான்.

அதனால் யாரிடமும் மூச்சுவிடாமல், அந்த மூலக்கூறு மூடியிலிருந்தே கசிகிறதா என்று பார்க்க, கிருமி போடாத வெறும் கரைசலை நீல மூடிப் புட்டியில் ஊற்றி ஏழு நாள் வைத்திருந்தேன். அதைத்தான் இப்போது இயந்திரம் குடித்துக்கொண்டிருக்கிறது. அந்த மூலக்கூறை நம்பி என் மாணவர்கள் இரண்டு பேர் முனைவர் பட்டம் வாங்கிவிட்டார்கள். மூன்றாமவள் அடுத்த வாரம் ஆய்வேட்டைக் கொடுக்கப்போகிறாள். பயமென்றால் அப்படியொரு பயம்.

"ஏன் மேடம் ஒரு மாதிரி இருக்கீங்க? டீ சொல்லவா?" என்றார் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். நான் வந்த நாளிலிருந்து இந்த அறையில் இருப்பவர். புட்டியில் என்ன இருக்கிறதென்று அவருக்கும் நான் சொல்லவில்லை.

"வேணாம்ண்ணே."

ஏழு. எட்டு. கோடு தரையோடு தரையாகப் போனது. எட்டரையிலும் அப்படியே. மூடியாவது ஒன்றாவது, நானாகக் கிளப்பிக்கொண்ட பீதி என்று மூச்சை விட்டேன். ஒன்பதில் அது லேசாக அசைந்தது. பிறகு நிற்கவில்லை. இத்தனை வருடம் பார்த்துப் பழகிய அதே ஒல்லியான கூம்பு.

"வந்துடுச்சு மேடம்!" அண்ணன் தொடையில் தட்டிக்கொண்டார். "பாருங்களேன், பக்கத்துல ஒரு அழுக்கு இல்ல. இவ்ளோ சுத்தமா இதுவரைக்கும் வந்ததே இல்ல. அந்தப் பொண்ணு பாத்தா குதிப்பா. ஆய்வேட்டுல இதையே போட்டுக்கச் சொல்லுங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிவிட்டு, பெயர் எழுதும் கட்டத்தைத் திறந்தார்.

"என்ன மேடம், பேர் போடட்டுமா? என்னன்னு போட?"

அவருடைய இரண்டு ஆள்காட்டி விரல்களும் விசைப்பலகைக்கு மேலே அந்தரத்தில் நின்றன. முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு இருந்தது.