ஒரு சிட்டிகை மண்

எல்சிக்கு மேடு ஏறி நடப்பதில் ஆசையில்லை. ஆனால் அமெரிக்கா வந்த நாளாக ஜெரால்ட் தானாக ஓரிடத்துக்குக் கூப்பிட்டதே அபூர்வம். அதனால்தான் விடிந்ததும் விடியாததுமாக ஷூவை மாட்டிக்கொண்டு இந்தப் பூங்காவுக்கு வந்தாள்.

பூங்கா என்று பெயர்தான், புல் பூண்டு கிடையாது. மழை அரித்த மண்குன்றுகள், பாளம் பாளமாக வெடித்த தரை. ஆதிகாலத்து மிருகங்களின் எலும்பு கல்லாகிக் கிடக்கிற இடமாம். பார்க்க அவ்வளவு கூட்டம்.

"பாரு, உங்கப்பா வயலும் இப்படித்தான் கிடக்கு" என்றான் ஜெரால்ட்.

எல்சிக்குச் சுருக்கென்றது. நன்னிலத்தில் இருக்கும் அந்த வயல், கல்யாணத்தின்போது அப்பா சிங்கராயர் அவள் பேருக்கு எழுதிக் கொடுத்தது. இன்றும் அவர்தான் சாகுபடி செய்கிறார். கோடையில் வெடிக்காத களிமண் எந்த ஊரில் இருக்கிறது?

குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்தாள். புது மண்ணைக் கண்டால் உவரா என்று ருசி பார்ப்பது அவர்கள் வீட்டுப் பழக்கம். அவ்வளவுதான், பூங்காக் காவல்காரி ஓடி வந்தாள். இங்கிருந்து ஒரு சிட்டிகை மண்ணைக்கூட எடுக்கக் கூடாது என்று பணிவாகத்தான் சொன்னாள். ஜெரால்ட் பல்லைக் காட்டி மன்னிப்புக் கேட்டான்.

காவல்காரி போனதும் அவன் முகம் மாறியது. "மானத்த வாங்கிட்டியே! இன்னும் என்ன மண்ணு? அந்த வயல்ல போன வாரமே அண்ணன் பிளாட் போட்டு விக்கக் கல்லு நட்டாச்சு. நிதானமாச் சொல்லலாம்னுதான் கூட்டிட்டு வந்தேன்."

வரி கட்டத்தான் என்று சொல்லி அவன் அண்ணன் ஆண்டனி பேருக்கு அவளிடம் எழுதி வாங்கிய பவர் பத்திரம்! எல்சிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கட்டினவனே கழுத்தை அறுத்தால் எங்கே போய்ச் சொல்வது?

அங்கேயே நின்று அப்பாவுக்குப் போன் போட்டாள். ஊரில் சாயங்காலம் முடிந்து விளக்கு வைத்திருப்பார்கள்.

"நாத்தங்கால்ல கூட கல்லு நட்டுட்டாங்கம்மா" என்றார் சிங்கராயர். "நீதான் சொன்னேன்னாங்க. அதான் நான் வாயத் தெறக்கல."

"நான் சொல்லலப்பா! பிடுங்கி எறிங்க, ஒண்ணு விடாம. பவர நான் ரத்து பண்றேன்."

"எல்சி, எல்லாரும் பாக்கறாங்க" என்றான் ஜெரால்ட் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாக்கட்டும். செத்த மிருகத்தோட எலும்புக்கு இங்க இவ்வளவு காவல். எங்கப்பா உயிரோட இருக்கையிலயே நீங்க அவர் நாத்துமேல கல்ல நட்டுருக்கீங்க!"

போனில் அப்பா அம்மாவைக் கூப்பிடும் குரல் உரக்கக் கேட்டது.

"செபஸ்தி! அந்தக் கடப்பாறைய எடு."